தகப்பன் பாக்கியும் பிள்ளை படிப்பும்

பி.எஸ்ஸி. பரீட்சையில் நன்றாகத் தேறிய வாலிபன் ஒருவன், எம்.எஸ்ஸி. படிக்கக் கடன் வேண்டி பாங்கிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதம் கையில் இருக்கிறது. பாங்கி மானேஜர் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே தகப்பனாரின் பான் நம்பரைக் கேட்கிறார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கிறார். ‘சிபில் சரியில்லை’ என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 2021-ல் கொரோனாவினால் தறி ஓடாமல் நின்ற நாட்களில் தகப்பனார் கட்டத் தவறிய சில தவணைகள், இன்று மகனுடைய மேற்படிப்புக்குக் குறுக்கே வந்து நிற்கின்றன. இத்தகைய முறையீடுகள் ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறக்கும் காலத்தில் எழுகின்றன.

சிபில் என்பது சர்க்கார் இலாகா அல்ல. 2000-த்தில் ஸ்தாபிக்கப்பட்டு, 2005-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் பாங்கியின் அநுமதி பெற்று நடைபெறும் கம்பெனி அது. அதன் பெரும் பங்கு இன்று அமெரிக்காவின் ட்ரான்ஸ்யூனியன் கம்பெனியிடம் இருக்கிறது. பாங்கிகள் அனுப்பும் கணக்கைக் கொண்டு அது 300 முதல் 900 வரை ஒவ்வொருவருக்கும் மார்க்குப் போடுகிறது. நம் நாட்டுக் குடியானவனுடைய நாணயத்துக்கு அந்நிய முதலாளியின் கம்பெனி நற்சாட்சிப் பத்திரம் வழங்குகிற விசித்திரத்தைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

பாங்கியின் பணம் பொதுஜனங்கள் போட்டு வைத்த பணம் என்பதை நாம் மறுக்கவில்லை. கொடுத்த கடன் திரும்ப வேண்டும் என்பது நியாயமே. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால் கல்விக் கடன் வியாபாரக் கடனைப் போன்றதல்ல. இந்தியப் பாங்கிகள் சங்கம் வகுத்து, 2001-ல் ரிசர்வ் பாங்கி எல்லாப் பாங்கிகளுக்கும் அனுப்பிய மாதிரித் திட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். படிப்பு முடியும் வரை தவணை இல்லை. சிறு தொகைக்குச் சொத்து ஈடும் வேண்டியதில்லை. பிற்பாடு மத்திய சர்க்கார் 7.5 லக்ஷம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு உத்தரவாத நிதியும் ஏற்படுத்தியிருக்கிறது. படித்தவன் நாளை சம்பாதித்துக் கட்டுவான் என்ற நம்பிக்கையே இத்திட்டத்தின் அஸ்திவாரம். நிலமும் வீடும் ஈடாக வேண்டாம் என்று முன்வாசலில் எழுதி வைத்துவிட்டு, தகப்பனாரின் பழைய பாக்கியைக் கொல்லைப்புறத்தில் ஈடாகக் கேட்பது எந்த ஊர் நியாயம்? பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் கடனை அடைக்கப்போவது பிள்ளையின் வருமானமே அன்றி, தகப்பனாரின் சரித்திரம் அல்ல.

இது நமது சொந்த வியாக்கியானம் மட்டுமல்ல. பெற்றோரின் சிபில் மார்க்கு குறைவு என்பது கல்விக் கடனை மறுக்கக் காரணமாகாது, படிப்புக்குப் பின் மாணாக்கன் அடைக்கக்கூடிய சக்தியையே பார்க்க வேண்டும் என்று 2020-லேயே கேரள ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2023 மே மாதத்தில் அதே கோர்ட்டு மற்றொரு வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. மனுதாரனான மாணாக்கன் பெயரிலேயே பழைய கடன்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் பாக்கி, மற்றொன்று வராக்கடனாகத் தள்ளப்பட்டது. ஆயினும் அவனுக்கு வேலை கிடைத்திருப்பதை எடுத்துக்கொண்டு, 4 லக்ஷத்துக்குச் சற்று அதிகமான தொகையைக் கொடுக்கும்படி பாங்கிக்கு உத்தரவாயிற்று. அது இடைக்கால உத்தரவு என்பதையும், கேரளத்துத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. 2025-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, கடன் கட்டுவதில் தவறியவர் என்பதற்காக ஸ்டேட் பாங்கி ஒருவருடைய உத்தியோக நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று தீர்மானித்தது. பாக்கி இருப்பதால் படிக்கவும் முடியாது, பாக்கி இருப்பதால் உத்தியோகமும் கிடையாது என்றால், பாக்கியை அடைப்பது எப்படி?

மேற்படிப்புக்குப் போகிறவனுடைய கஷ்டம் இன்னும் விசேஷமானது. இஞ்சினீயர் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடனே அவன் பெயரில் பதிவாகியிருக்கிறது. வேலை கிடைக்காமல் தவணை தவறினால், வேலைக்கு வழிகாட்டக்கூடிய அடுத்த படிப்புக்கு அதுவே முட்டுக்கட்டையாகிறது. கடனே வாங்கியறியாதவன் நிலைமை சற்றுத் தேவலை. முன்சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவனைத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்கு அறிவுரை கூறியது. அந்த அறிவுரையைப் பெற்றோரின் சரித்திரத்துக்கும் விஸ்தரித்து, புத்திமதியாக அல்லாமல் கட்டளையாகவே பிறப்பிக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த வித்யாலக்ஷ்மி திட்டம் ஈடும் ஜாமீனும் வேண்டாம் என்கிறது. ஆனால் அது தேர்ந்தெடுத்த உயர்தர ஸ்தாபனங்களுக்கே உரியது. தாலுகா ஊர்க் கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேருகிறவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இதற்கிடையில் நமது வாலிபர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சிபில் அறிக்கையை இனாமாகப் பெறலாம். அதில் பிழை இருந்து, புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. மனுவை வாய்மொழியாகத் தள்ளினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மேலதிகாரியின் சம்மதம் இல்லாமல் கல்விக் கடன் மனுவை நிராகரிக்கக்கூடாது என்பது மாதிரித் திட்டத்திலேயே உள்ள விதி. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம் வழக்குக்குப் பலமாக இருக்கும்.