சொல்லின் எல்லையும் காணியின் எல்லையும்

ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்று நம்மவர் மேடைதோறும் வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் முடியும்வரை அரசாங்கக் கடிதங்கள் காத்திருப்பதில்லை. அவை வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றிலுள்ள ஒரு சொல்லை அறியாமையால் ஒரு குடும்பம் தன் காணியை இழக்க நேருமாயின், அச்சொல்லை அறிந்த நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழாதா?

புத்தளம் மாவட்டத்தில், கலா ஓயாவின் கரையில், வில்பத்துக் காட்டை அடுத்திருப்பது எலுவன்குளம். அங்கே ஒரு திண்ணையில் அமர்ந்து ஊரவரோடு பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் இரு தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று, அவருடைய தந்தையாரின் பெயரில் வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரம். மற்றது, காணியை விட்டு விலகுமாறு அண்மையில் வந்த அறிவித்தல். உயர்தர வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி, அறிவித்தலின் ஆங்கிலப் பகுதியை வாசித்துப் பொருள் சொன்னாள். "அப்பப்பா, வலிட் பெர்மிட் இருந்தால் போதுமாம். வலிட் என்றால் உண்மையான என்று பொருள். எங்கள் பெர்மிட் உண்மையானதுதானே!" முதியவரின் முகம் தெளிந்தது. "பிறகென்ன ஐயா, கள்ளக் கடதாசியா வைத்திருக்கிறோம்?" என்றார்.

அப்பிள்ளை பிழையாகப் படித்தவள் அல்லள். அவளுடைய சொற்கொப்பியில் ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. ஆனால் ஒன்றுக்காவது வரைவிலக்கணம் இல்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

அவ்வறிவித்தல் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழ் வந்தது. அச்சட்டப்படி, அதிகாரமின்றி ஒருவர் அரச காணியில் இருப்பதாக உரிய அதிகாரி கருதினால், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து விலகச் சொல்லலாம். விலகாவிடில் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே எத்தனை தலைமுறை உழுதோம், எத்தனை மரம் நட்டோம் என்றெல்லாம் வாதாட இடமில்லை. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து மூல அதிகாரமோ உண்டு என்று காட்டுவதொன்றே எதிர்வாதமாகும். அப்பத்திரமும் சட்டப்படி வழங்கப்பட்டதாய், நடைமுறையில் உள்ளதாய், இரத்துச் செய்யப்படாததாய் இருத்தல் வேண்டும். வலிட் என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன. உண்மையான கடதாசி வேறு, உயிரோடிருக்கும் கடதாசி வேறு. தந்தையார் இறந்தபின் பின்னுரித்து முறைப்படி பதியப்படவில்லை என்று அறிந்தபோது முதியவரின் தெளிவு மறைந்தது. உரிய காலத்தில் எவரேனும் அச்சொல்லை விளக்கியிருந்தால் அவர் இன்று இந்த நிலையில் நின்றிருப்பாரா?

இது புதிய கதையன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். காடும் தரிசும் ஆளற்றதும் பயிரற்றதுமான காணி முடிக்குரியது என அது கொண்டது. அங்கே ஆண்ட சொல் பிரிசியூம். மாறாக நிரூபிக்கும் வரை அப்படிக் கொள்வோம் என்பது அதன் பொருள். சான்று கொண்டுவந்தால் கதவு திறக்கும். ஆனால் சில ஆண்டு இடைவிட்டுப் பயிரிடும் சேனைக் காணிக்கு வரும்போது சொல் மாறுகிறது. கண்டிப் பகுதிகளில் அது, சன்னசு முதலிய குறித்த சில சான்றுகள் இருந்தாலன்றி, முடியின் உடைமையாகவும், ஏனைய மாவட்டங்களில் காடாகவோ தரிசாகவோ டீம் செய்யப்படும் என்கிறது. டீம் என்றால், உண்மையில் அப்படி இல்லாவிடினும் சட்டத்தின் கண்ணுக்கு அப்படியே ஆகும் என்பது. மண் இளைப்பாறட்டும் என்று உழவன் விட்ட நிலம், இச்சொல்லால் தரிசாயிற்று! நம் கையகராதிகளோ இரண்டு சொல்லுக்கும் 'கருது' என்ற ஒரே பொருளைத் தந்துவிட்டு அமைகின்றன.

பிரிஸ்கிரிப்ஷன் என்ற சொல்லை நோக்குக. மருத்துவமனையில் அது மருந்துச் சீட்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலோ, பத்து ஆண்டுகள் இடையறாது, பிறர் உரிமைக்கு மாறாக ஆண்டுவந்த காணியில் பிறக்கும் உரிமை. "பத்து வருடம் இருந்தால் காணி நமக்கு" என்று ஊரில் சொல்வதன் மூலம் இதுவே. ஆனால் அரச காணிக்கு அது செல்லாது என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. முதற்பாதியை அறிந்து பிற்பாதியை அறியாது கெட்டவர் பலர்.

பிற நாடுகளிலும் இவ்வாறே. 1893ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் தக்காளி பழமா காய்கறியா என்ற வழக்கு வந்தது. காய்கறிக்கு இறக்குமதித் தீர்வை உண்டு, பழத்துக்கு இல்லை. வழக்கறிஞர்கள் அகராதிகளை விரித்து வாசித்தனர். தாவர நூலில் அது பழமேயாயினும் மக்கள் வழக்கில் காய்கறி என்று தீர்ப்பாயிற்று. இந்தியாவில் 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்தது. அதனால் தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டுசெல்லவும் உழவன் வன விதிகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டில்தான் அவ்வரைவிலக்கணத்திலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. ஒரு சொல்லைத் திருத்த 90 ஆண்டுகள்!

ஆகவே, ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவது எப்படி என்று கேட்கும் மாணவனுக்கு யான் கூறுவது இது. சொல்லை எண்ணிச் சேர்க்காதே, எல்லையிட்டுச் சேர். வரைவிலக்கணம் என்பதே எல்லை வகுப்பதன்றோ? நில அளவையாளர் காணியின் நாற்புறமும் எது என்று எழுதுவதுபோல, சொல்லுக்கும் எழுதவேண்டும். அது எவ்வினத்தைச் சேர்ந்தது, அவ்வினத்தின் பிற சொற்களிலிருந்து எதனால் வேறுபடுகிறது, யார் எவ்விடத்தில் வழங்குவது, அதன் எதிர்ச்சொல் யாது என்னும் நான்கையும் குறித்துவிட்டு, ஐந்தாவதாக உன் ஊரைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் அதை வைத்துப் பார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் அகராதியை முதலில் திற. தமிழ்ச் சொல்லை இறுதியில் நீயே தேடிப் பொருத்து. நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். ஓராண்டில் ஆயிரம் சொற்கள் உன் ஆட்சிக்குள் வரும்.

"தமிழுரிமை கேட்கும் நீர் ஆங்கிலத்துக்குப் பரிந்து பேசுவதா?" என்று சிலர் வினவலாம். அகராதிக் கலை நமக்கு அந்நியமன்று. நிகண்டுகளை மனனம் செய்த மரபு நம்முடையது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட உழைப்பு 1862இல் வின்சுலோவின் பேரகராதியாக வெளிவந்தது. நம் காணிகளை இன்றும் ஆளும் 1871, 1935ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. மூலச் சொல்லின் எல்லையை அறியாதவன் தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டுவது எங்ஙனம்?

உரிமையைக் கைவிடச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் கடிதம் பெறக் குடிமகனுக்கு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. காணி பற்றிய ஒவ்வோர் அறிவித்தலும் தமிழில் வரவேண்டும், அதிலுள்ள சட்டச் சொற்களின் வரைவிலக்கணமும் உடன் வரவேண்டும் என்று நாம் கேட்போமாக.

கேட்டுக்கொண்டே நம் கடமையையும் செய்வோம். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! காணிச் சட்டத்தில் அடிக்கடி வரும் நூறு சொற்களைத் தொகுத்து, வரைவிலக்கணத்தோடு சிறு நூலாக்கி, மாதம் ஒரு ஞாயிறு ஒரு கிராமத்தின் திண்ணையில் சென்று அமருங்கள். உழவர்களே! பெட்டியில் இருக்கும் பத்திரத்தை வெளியே எடுங்கள். அது யார் பெயரில் உள்ளது, பின்னுரித்தாளி பதியப்பட்டுள்ளாரா, அது இன்றும் நடைமுறையில் உள்ளதா என்று இம்மாதமே கேட்டறியுங்கள். எலுவன்குளத்துப் பேத்தி தன் கொப்பியில் வலிட் என்ற சொல்லுக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு நான்கு வரிகள் எழுதினாள். அந்நான்கு வரிகள் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படல் வேண்டும். அறிவித்தல் வந்தபின் அன்று, வருமுன்.