ஆறு கோல் நட்டம், ஆறு புள்ளி வரவு

2023இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த மகளிர் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கும் வியாபாரப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதன் எச் பிரிவுப் புள்ளிப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்தப் பிரிவில் ஜேர்மனி, கொலம்பியா, தென் கொரியா, மொரோக்கோ. முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்களுக்கே அடுத்த சுற்று. ஜேர்மனி இரண்டு தடவை சம்பியன், தரவரிசையில் உலகின் 2ஆம் இடம். மொரோக்கோ 72ஆம் இடம். இந்தக் கிண்ணத்துக்கு வந்த முதல் அரபு நாடு. மெல்பேர்னில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜேர்மனி 6-0 என்று அடித்துத் தள்ளியது. கதை முடிந்தது என்றார்கள்.

நட்டப்பட்டவன் வழக்கமாக என்ன செய்வான்? போன காசை ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பான். தெரியாத சரக்கில் கை வைப்பான், கைமாற்று வாங்குவான், இருந்ததையும் விடுவான். மொரோக்கோ பெண்கள் போன ஆறு கோலைத் தேடி ஓடவில்லை. ஆறு நாள் கழித்து அடிலெய்டில், தென் கொரியாவுக்கு எதிராக 6ஆவது நிமிடத்தில் இப்திஸ்ஸாம் ஜ்ரைதி தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலைக் கடைசி வரை காத்தார்கள். 1-0. அந்த ஆட்டத்தில்தான் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் ஆடினார்; மகளிர் உலகக் கிண்ணத்தில் அதுவே முதல் தடவை. நம்மவர்கள் படத்தைப் பார்த்துப் பூரித்ததோடு சரி. பின்வரிசையில் நின்று அவர் எதைக் காத்தார் என்று எத்தனை பேர் பார்த்தோம்?

கடைசி நாள் ஆகஸ்ட் 3. இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. மற்றவர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தன் கணக்கை எழுத வழியில்லை. நல்ல ஏற்பாடு. பேர்த்தில் மொரோக்கோ கொலம்பியாவையும் 1-0 என்று வென்றது. பிரிஸ்பேனில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. மைதானத்திலேயே கூடி நின்று காத்திருந்தார்கள். ஏற்கெனவே கொலம்பியாவிடம் 2-1 என்று தோற்றிருந்த ஜேர்மனி, தென் கொரியாவுடன் 1-1 என்று நின்றது.

கூட்டிப் பாருங்கள். ஜேர்மனி போட்டது 8 கோல், வாங்கியது 3, புள்ளி 4. மொரோக்கோ போட்டது 2, வாங்கியது 6, புள்ளி 6. கொலம்பியாவும் 6 புள்ளி. கோல் வித்தியாசத்தில் முதலிடம். ஜேர்மனி முதற் சுற்றோடு வீடு திரும்பியது இதுவே முதல் தடவை.

எட்டுக் கோல் போட்டவன் வெளியே, இரண்டு போட்டவன் உள்ளே, இது என்ன நியாயம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். முழு நியாயம் என்பேன். வெற்றி ஆறு கோலால் வந்தாலும் ஒன்றால் வந்தாலும் 3 புள்ளிதான். பெருநாள் சீசனில் ஒரு நாள் லாச்சி நிரம்பியதை வருடம் முழுக்கச் சொல்லித் திரியும் முதலாளிமாருக்கு இது பிடிக்காது. கடை வாடகை மாதா மாதம் வருகிறதே!

அடுத்த சுற்றில் மொரோக்கோ பிரான்ஸிடம் 4-0 என்று தோற்றது உண்மைதான். ஆனால் அந்த ஆட்டத்தை ஆட ஜேர்மனிக்கு இடம் கிடைக்கவில்லை.