பெற்றோர் பிரிந்தால் குழந்தையின் மருந்துக்கு யார் பணம் கொடுப்பது?

1/
கணவன் மனைவி பிரிஞ்சுட்டாங்க. குழந்தை அம்மாகிட்ட இருக்கு. அப்பா மாசாமாசம் ஒரு தொகை அனுப்புறார். இப்போ குழந்தைக்கு ஆஸ்துமா, தினமும் இன்ஹேலர் வேணும். அதை யார் வாங்கணும்?

பல வீடுகளில் இதற்கான பதிலை யாரும் எழுதி வைக்கவில்லை. அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது. இதைப் பற்றி ஒரு மருத்துவராகக் கொஞ்சம் விரிவாகப் பேசணும்.

2/
யார் மேல தப்பு, ஏன் பிரிஞ்சாங்க என்பதற்குள் நான் போகலை. அது என் வேலையும் இல்லை. எந்த மருந்து பாதியில் நின்னுது, அதனால் குழந்தைக்கு என்ன ஆச்சு, அது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச விஷயம்.

3/
பெரிய செலவு வந்தால் எப்படியோ பணம் வந்துடும். குடல்வால் ஆபரேஷன், டெங்குவுக்கு ஐசியூ என்றால் இரண்டு வீட்டாரும் ஓடி வருவாங்க. பாட்டி வளையலைக் கழட்டிக் கொடுப்பாங்க.

சிக்கல் வர்றது சின்னச் செலவில்தான். தினசரி இன்ஹேலர், வலிப்பு மாத்திரை, பவர் மாறின கண்ணாடி, சொத்தைப் பல், பேச்சுப் பயிற்சி. "அவர் வாங்கித் தரட்டும்", "நான் அனுப்புற காசில் அவ வாங்கட்டும்" என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கிட்டே இருப்பாங்க. நாள் ஓடும்.

4/
ஆஸ்துமா இன்ஹேலரில் முக்கியமா இரண்டு வகை. ஒண்ணு மூச்சுத் திணறும்போது எடுப்பது. இன்னொண்ணு திணறல் வராமல் இருக்கத் தினமும் எடுப்பது.

இந்தத் தினசரி இன்ஹேலரை நிறுத்தினால் அன்னிக்கே ஒண்ணும் ஆகாது. சில வாரம்கூட குழந்தை நல்லா ஓடி ஆடும். அதனாலேயே பணத் தகராறில் முதலில் நிற்பது இதுதான். அப்புறம் ஒரு சளிக் காய்ச்சல், ஒரு மழைக்கால ராத்திரி, கடுமையான இழுப்பு. மாசம் சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஆக்சிஜன், அட்மிஷன் என்று பல ஆயிரத்தில் நிற்கும். குழந்தை பட்ட பாடு தனி.

5/
வலிப்பு மாத்திரை இன்னும் ஆபத்து. அதைத் திடீர்னு நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம், நிற்காமல் தொடரவும் செய்யலாம். "இந்த மாசம் காசு வரலை, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்" என்பது இந்த மருந்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

6/
சட்டம் என்ன சொல்லுது?

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956இல் ஜீவனாம்சம் என்ற சொல்லுக்குள்ளேயே மருத்துவமும் சிகிச்சையும் வருது. குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் என்கிறது அந்தச் சட்டம்.

எந்த மதத்தவராக இருந்தாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144ஆம் பிரிவில் குழந்தைக்காக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் இதுதான்.

7/
"தீர்ப்பில் தொகை முடிவாயிடுச்சே, இப்போதான் நோய் வந்திருக்கு, என்ன பண்றது?" என்று கேட்கலாம். சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றக் கேட்க அதே சட்டத்தின் 146ஆம் பிரிவு இருக்கு. புதுசா கண்டுபிடித்த நீண்டகால நோய் அப்படிப்பட்ட மாற்றம்தான் என்று வாதிடலாம். டாக்டரிடம் நோய், மருந்து, மாதச் செலவு மூன்றும் குறிப்பிட்ட சான்று வாங்கி வைங்க.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. உதவி எண் 15100.

8/
ஆனால் ஒவ்வொரு மாத்திரை அட்டைக்கும் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதனால் என் கருத்து இதுதான்: பிரியும்போதே மருத்துவச் செலவை மாதத் தொகைக்குள் அடைக்காமல், தனியாக எழுதுங்க.

பள்ளிக் கட்டணத்துக்குத் தனி வரி எழுதுறோம். வாரத்தில் எந்த நாள் யார் வீட்டில் என்றுகூட எழுதுறோம். மருந்துக்கு ஏன் ஒரு வரி இல்லை?

9/
என்ன எழுதலாம்?

• வருமான விகிதத்தில் பங்கு. ஒருவருக்கு 60,000, இன்னொருவருக்கு 20,000 சம்பளம் என்றால் 75:25. மருந்து 2,000 ரூபாய் ஆனால் 1,500, 500.
• பில் அனுப்பிய இத்தனை நாளுக்குள் பங்கு வரணும் என்ற கெடு.
• அவசர சிகிச்சைக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். தகவல் மட்டும் உடனே சொல்லணும்.
• பல் கிளிப் மாதிரி அவசரமில்லாத பெரிய செலவை முன்கூட்டியே பேசி முடிவு செய்யணும்.
• இன்ஷூரன்ஸ் பிரீமியம் யார் கட்டுறது.

10/
பணம் கொடுக்கும் அப்பாக்களின் சந்தேகமும் எனக்குப் புரியுது. "நிஜமாவே மருந்துக்குத்தான் போகுதா?" அதுக்கு வழி இருக்கு. குழந்தை பெயரில் பில் கேளுங்க. மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேரடியா செலுத்துங்க. டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் வாங்க. சந்தேகத்துக்காக மருந்தை நிறுத்தாதீங்க.

குழந்தையை வைத்திருக்கும் அம்மாக்களுக்கு: மருந்துச் சீட்டையும் பில்லையும் அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. ஆறு மாசச் செலவை மொத்தமா நீட்டினால் சண்டைதான் வரும். அப்பா குழந்தையை வைத்திருந்தாலும் இதே கதைதான்.

11/
இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம். அப்பாவின் கம்பெனி பாலிசியில் குழந்தை பெயர் இருக்கும், கார்டு விவரம் அம்மாவிடம் இருக்காது. ராத்திரி அட்மிஷனில் அப்பாவின் போன் எடுக்கலைன்னா முன்பணம் கட்ட வேண்டியதுதான். மின் அட்டையின் நகல் இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும். இரண்டு பேர் பாலிசியிலும் குழந்தை இருந்தால், ஒன்றில் தொகை போதாதபோது மீதியை இன்னொன்றில் கேட்கலாம்.

12/
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ரேஷன் கார்டு அடிப்படையில் நடக்குது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அம்மா பிறந்த வீட்டில், குழந்தை பெயர் அப்பாவின் கார்டில் என்றால் தேவைப்படும் நேரத்தில் அலைச்சல். பெயர் நீக்கல், சேர்த்தல் வேலையை உடம்பு நல்லா இருக்கும்போதே முடிச்சுடுங்க.

13/
இரண்டு பேரிடமும் காசு இல்லையா? மருந்தை நிறுத்தாமல் அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் அங்கே இலவச சிகிச்சை உண்டு. தேசிய அட்டவணைத் தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வளர்ச்சிக் குறைபாடு, பேச்சுத் தாமதம் என்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் கேளுங்க.

14/
இன்னொண்ணு. பார்க்க விடலைன்னா பணம் தர மாட்டேன், பணம் தரலைன்னா பார்க்க விட மாட்டேன். இரண்டுமே தப்பு. பார்க்கும் உரிமைக்குத் தனியா மனு போடுங்க. இன்ஹேலரைப் பணயமா வைக்காதீங்க.

பில் கவுண்டரில் நின்று போனில் சண்டை போடும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கு. தன் நோய்தான் சண்டைக்குக் காரணம்னு நினைச்சு, இழுப்பு வந்தாலும் சொல்லாமல் மறைக்கிற குழந்தைகள் உண்டு.

15/
பிரிஞ்சு வாழ்றவங்க இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. குழந்தையின் மருந்துப் பட்டியல், தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை விவரம், காப்பீட்டு அட்டை நாலையும் போட்டோ எடுத்து மற்றவருக்கு அனுப்புங்க. கூடவே ஒரே ஒரு கேள்வி: "இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு?" பதில் எழுத்தில் வரட்டும்.

தெரிஞ்சவங்க யாராவது இந்த நிலையில் இருந்தால் இதைப் பகிருங்க.