லாங் வீக்கெண்ட் மலைக்குத் தெரியுமா?

மதுரையில் மலைப் பயணம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிவாகிறது: "லீவு எப்போ கிடைக்கும்?" காலண்டரில் மூன்று நாள் சேர்ந்து வந்தால் போதும், வேன் பேசியாச்சு. அந்த மாதத்தில் அந்த மலை எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதற்கான காரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதிக்கு ட்ரெக்கிங் வந்தவர்கள். அனுமதி வாங்கினார்களா, யார் கூட்டிப்போனது என்றெல்லாம் நிறைய பேசினோம். அது மார்ச் மாதம் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசினோம்.

வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சரிவுகளில் புல் உயரமாக வளரும். ஜனவரியிலிருந்து காயத் தொடங்கும். மார்ச்சில் மலை முழுக்கக் காய்ந்த புல்தான். பகல் வெயிலில் சூடாகும் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும்; தீ அதோடு ஏறிக்கொண்டே, மேலே இருக்கும் புல்லையும் முன்கூட்டியே சூடாக்கிவிடும். ஏற்றத்தில் நமக்கு மூச்சு வாங்கும். தீக்கு வேகம் கூடும்.

இதே மலைத்தொடரின் அந்தப் பக்கம் மூணாறு. அங்கே கணக்கே வேறு. போடியில் சாரலோடு நின்றுவிடும் தென்மேற்குப் பருவமழை, அங்கே கொட்டித் தீர்க்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து எஸ்டேட் லயங்கள் புதைந்தன. 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பிழைப்பு அங்கே இருந்ததால் அவர்கள் அங்கே இருந்தார்கள். சுதந்திர தின விடுமுறைக்கு மூணாறு கிளம்பும் நமக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

வெளிநாட்டு மலை ஆசை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் பருவம் தலைகீழ். நமக்குக் கோடை லீவான மே மாதம், நியூசிலாந்தில் குளிர்காலத்தின் வாசல். அங்கே மலை நடைக்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. கிளிமஞ்சாரோவுக்கு மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். ஆஃபரில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஏன் மலிவு என்றும் பாருங்கள்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. 2025-ல் தீ அபாயம் காரணமாக பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியது. "இப்பதானே திறந்தாங்க" என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. மூடியதுதான் சரி.

ஆனால் அது மட்டும் போதாது. தனியார் டூர் ஏஜென்சிகள் பல, முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை. "கட்டின காசு போயிடுமே" என்பதற்காகவே எச்சரிக்கை வந்த பிறகும் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை பாதையை மூடினாலோ, வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தாலோ முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். பணம் கட்டும் முன் நீங்களும் இதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் வந்தாலும் பரவாயில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு நம் பக்கத்து மலைகளுக்கு நல்ல சமயம் எது? மழை ஓய்ந்து, புல் முழுக்கக் காயாத நாட்கள்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை. பொங்கல் லீவு அதற்குள்தான் வருகிறது. கொடைக்கானல் என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழும். ஒரு ஸ்வெட்டர் பத்தாது.