பூங்கா திறந்தால் போதுமா?

ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும். முதியோர் மாலையில் காலார நடப்பதற்கு ஒரு பாதை வேண்டும் என்னும் கோரிக்கை இன்று நகரங்களில் மட்டுமன்றி நம் கிராமங்களிலும் எழுந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பூங்காவை அமைப்பது ஓராண்டு வேலை. அதைப் பேணுவதோ ஆண்டுதோறும் செய்து தீரவேண்டிய வேலை. முன்னதற்கு எவ்வாறேனும் பணம் கிடைத்துவிடுகிறது. பின்னதற்கு ஆளும் கிடைப்பதில்லை, பணமும் கிடைப்பதில்லை. இக்குறையைத் தீர்ப்பதில் நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு என்பது நமது கருத்து.

நாள் முழுதும் வயலில் உழைப்பவருக்கும் தறி மிதிப்பவருக்கும் பூங்கா எதற்கு, உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பு வேறு, உடலுக்கும் மனத்துக்கும் வேண்டிய இளைப்பாறல் வேறு என்பதை உழைப்பவர் அறிவர். குழித்தறியில் அமர்ந்தவருக்குக் காலும் கையும் ஓயாது இயங்குகின்றன. முதுகோ குனிந்தபடி இருக்கிறது. கண் இழையைவிட்டு அகல்வதில்லை. சிறுவந்தாடு போன்ற நெசவூர்களில் தறிக்கூடத்தை விட்டு எழுந்து நிழலில் அரை நாழிகை நடப்பது ஆடம்பரம் ஆகாது. நாளையும் தறியில் அமர்வதற்கான வலு அதில் இருக்கிறது. மணிலா அறுவடைக்கும் நெல் நடவுக்கும் செல்லும் தாய்மார்களுக்கோ, பிள்ளைகள் அச்சமின்றி ஆடும் இடம் ஒன்று ஊரில் இருக்கிறது என்ற நிம்மதியே பெரிது.

அரசாங்கமும் இத்தேவையை உணராமல் இல்லை. 2016ஆம் ஆண்டில் 500 ஊராட்சிகளில் பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பூங்கா ஒன்றுக்கு 20 இலட்ச ரூபாயும், உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு 10 இலட்ச ரூபாயும் ஒதுக்கப்பட்டன. 2024இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகளின் தொகுப்பு வழங்கப்பட்டது. ஆட்சிகள் மாறினாலும் நோக்கம் ஒன்றாகவே இருந்தது. இவற்றை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் ஊஞ்சலின் சங்கிலி அறுந்தால் அதைக் கோத்துத் தருபவர் யார்? மின்விளக்கு அணைந்தால் மாற்றுபவர் யார்? பந்தும் மட்டையும் பூட்டிய அறையில் இருந்தால் சாவி யாரிடம்? இவற்றுக்கு விடையில்லாத ஊரில் எத்தனை இலட்சம் செலவிட்டும் பயனில்லை.

இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் பணிகளை இருவகையாகப் பிரிக்கிறது. தெருவிளக்கு, வடிகால், குடிநீர், துப்புரவு, இடுகாடு, சுடுகாடு ஆகியவை 110ஆம் பிரிவில் உள்ளன. இவை கட்டாயக் கடமைகள். பூங்கா, விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி நிலையம், படிப்பகம் ஆகியவையும் ஊருக்குப் பொதுவான வானொலிப் பெட்டியும் 111ஆம் பிரிவில் இடம்பெறுகின்றன. இவற்றை ஊராட்சி செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். கட்டாயக் கடமைகளுக்கே பணம் போதாத ஊராட்சி, விருப்பப் பணிக்கு எங்ஙனம் ஒதுக்கும்? ஆகவே பூங்கா என்பது மிச்சம் இருந்தால் கவனிக்கப்படும் பொருளாகிவிடுகிறது. மிச்சமோ இருப்பதில்லை.

நம் மாவட்டத்தில் நன்கு காக்கப்படும் பொது இடங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருப்பது தெரியும். திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டுக் குடைவரையும் அத்துறையின் பாதுகாப்பில் உள்ளதே. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்காக அதைக் குடைவித்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி இக்கோயிலை ஆக்கியதாக அவன் அங்கே வடமொழியில் பொறித்து வைத்திருக்கிறான். பின்சுவரின் மூன்று மாடங்களும் இன்று வெறுமையாக உள்ளன. இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர் உருவங்கள் மட்டும் பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கின்றன.

இத்தகைய சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பலாகாது என்றும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை முன்னனுமதி வேண்டும் என்றும் 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010இல் திருத்தப்பட்டவாறு, விதிக்கிறது. இவ்விதியால் ஊருக்கு வளர்ச்சி தடைப்படுகிறது என்று சிலர் வருந்தலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டடம் எழாத வெளியே ஒரு கிராமத்துக்குக் கிடைக்கும் நல்ல பூங்கா. செங்கல்லும் சுண்ணாம்பும் இன்றி மகேந்திரன் கோயில் எடுத்தான் என்றால், செங்கல்லும் சிமென்டும் இன்றி நாம் ஒரு பூங்காவைப் பேண முடியாதா? வேம்பும் புங்கனும் இலுப்பையும் தரும் நிழல், முள் அகற்றிய ஒரு பாதை, குடிக்க நீர், நாள்தோறும் கூட்டிய தரை ஆகிய நான்கும் போதும். சின்னத்தின் எல்லைக்குள் எதைச் செய்வதாயினும் துறையின் இசைவு பெற்றே செய்யவேண்டும். எல்லைக்கு வெளியே ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் நம்முடையவை அன்றோ? மண்டகப்பட்டிலிருந்து மகேந்திரனின் மற்றொரு குடைவரை உள்ள தளவானூருக்கும், இராஜசிம்மன் கோயில் எடுத்த பனமலைக்கும் செல்லும் வழிகளில் நிழல்மரம் வைத்து ஊருக்கு ஒரு பெயர்ப்பலகை நட்டால், அவையே நடைபாதைகளாகிவிடும். செஞ்சியைக் காண வருவோரில் சிலரேனும் இங்கே இறங்கி நடப்பர். வருவோருக்காக என்றில்லாவிடினும் வாழ்வோருக்காக அவை வேண்டும்.

பொது இடத்தைப் பேணுவதற்கு ஆளும் விதியும் வகுப்பது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பலரும் அறிவர். குடவோலையிட்டு வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறை அவற்றில் கூறப்பட்டிருக்கிறது. அவ்வாரியங்களுள் தோட்ட வாரியம் ஒன்று; அதற்குப் பன்னிருவர். ஏரி வாரியம் ஒன்று, அதற்கு அறுவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது அங்கே விதி. அச்சபையில் ஊரார் அனைவருக்கும் இடமிருக்கவில்லை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஒரு சாராருக்கே இருந்தது. அக்குறையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் தோட்டத்துக்கென்று தனிக்குழு, குறித்த காலம், தவறாத கணக்கு என்னும் மூன்றும் இன்றும் நாம் கைக்கொள்ளத்தக்கவை.

பிறநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் டெர்பி நகரத்து நெசவாலை முதலாளியான ஜோசப் ஸ்ட்ரட் 1840இல் அந்நகரத்து உழைப்பாளிகளுக்காக அழகிய மரத்தோட்டம் ஒன்றை அமைத்து வழங்கினார். நிலம் தந்தார்; மரமும் தந்தார். பராமரிப்புக்கென்று நிரந்தர நிதி வைக்கவில்லை. விளைவு என்ன? வாரத்தில் இரண்டு நாட்களே இலவசம். மற்ற ஐந்து நாட்களும் கட்டணம் என்றாயிற்று. கட்டணம் அறவே நீங்கியது 1882இல். உழைப்பாளிகளுக்கென்று கொடுத்த தோட்டத்தில் எல்லா நாளும் கட்டணமின்றி நுழைய அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். கொடையாளி எவ்வளவு தாராளமானவராயினும் பராமரிப்பு நிதி வைக்காத கொடை அரைக்கொடையே.

இனி நாம் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, புதிய பூங்கா எதையும் ஏற்பதற்கு முன், அதைக் காப்பவர் யார், தண்ணீர் எங்கிருந்து வரும், மாதச் செலவு எவ்வளவு, அதற்கு வருவாய் எது என்ற நான்கு கேள்விகளுக்கும் கிராம சபையில் விடை எழுதப்பெற வேண்டும். விடை எழுத முடியாவிட்டால் பூங்காவைச் சிறிதாக்கலாம். மரங்களையும் பாதையையும் மட்டும் வைத்துத் தொடங்கலாம். நட்ட கன்றுக்கு முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றவும், ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டவும் ஆள் இருந்தால் அதுவே பாதி வெற்றி.

இரண்டாவது, ஊராட்சிக்குரிய புளியமரங்களின் மகசூலும் ஏரியின் மீன்பாசியும் ஏலம் விடப்படும் ஊர்களில், அவ்வருவாயில் ஒரு பங்கு பொது இடங்களின் பராமரிப்புக்கென்று தீர்மானத்தின் வாயிலாக ஒதுக்கப்பட வேண்டும். மரம் தரும் பணம் மரத்துக்கே திரும்புவது நியாயமன்றோ?

மூன்றாவது, நம் சங்கங்களின் கடமை. கூட்டுறவு என்பது கடன் கொடுப்பதும் நூல் கொடுப்பதும் மட்டுமன்று. 1844இல் ராச்டேல் நகரத்தில் சங்கம் தொடங்கிய முன்னோடிகள் பின்னர்த் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர்; படிப்பகமும் நூலகமும் நடத்தினர். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவே இதற்கு வழி வகுத்தது. நிகர இலாபத்தில் கால் பங்கைச் சேம நிதியில் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் இசைவுடன் அறப்பணிக்கு வழங்கலாம் என்று அது கூறியது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுடன் பொதுமக்களுக்குப் பயன்படும் பிற பணிகளும் அறப்பணிகளே எனக் கொள்ளப்பட்டன. இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் பொது நல நிதிக்கு இடமுண்டு. அந்தப் பழைய கணக்கையே கொண்டு பார்ப்போம்: ஓர் இலட்சம் ரூபாய் நிகர இலாபம் கண்ட சங்கம் 25,000 ரூபாயைச் சேம நிதியில் சேர்த்தால், எஞ்சிய 75,000 ரூபாயில் 7,500 ரூபாய் அறப்பணிக்கு ஆகும். முந்நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் வாரம் ஒரு ரூபாய் சேர்ந்தால் ஆண்டுக்கு 15,600 ரூபாய். இவை காவலாளின் முழுச் சம்பளத்துக்குப் போதா. அது ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் கன்றுக்கும் முள்வேலிக்கும் மண்வெட்டிக்கும் அறுந்த சங்கிலிக்கும் போதும். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பார். கணக்குக் கேட்கும் கண் இருக்கும் இடத்தில் பொதுச் சொத்து எளிதில் பாழாவதில்லை.

நான்காவது, பூங்கா எல்லாருக்கும் உரியதாக இருக்கவேண்டும். அது எந்தத் தெருவில் அமைகிறது என்பதே யார் வருவார் என்பதைத் தீர்மானித்துவிடும். ஒரு தெருவாரின் வாசலில் அமைத்துவிட்டு மறு தெருவார் வரவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. அரசின் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம், சாலை, பொதுவிடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியாலோ மதத்தாலோ பாலாலோ யாரையும் தடுக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு தெளிவாகக் கூறியுள்ளது. ஊரும் குடியிருப்பும் ஒருங்கே வந்துசேரும் நடுவிடத்தைத் தேடி அமைப்பதே முறை. பெண்களின் நிலையும் இதைப் போன்றதே. 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர் என்றும், பத்தில் ஏழு பேர் பெண்கள் என்றும் காட்டியது. அவர்கள் ஓய்வு பெறும் வேளையில் விளக்கு எரிய வேண்டும்; கழிப்பிடம் வேண்டும்; திடலின் ஒரு பகுதியேனும் அவர்களுக்கும் சிறுமியருக்கும் உறுதியாக இருக்க வேண்டும். பராமரிப்புக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருந்தால் இவற்றை யாரும் நினைவூட்ட வேண்டியிராது.

அங்கத்தினர்களே! நம் மாவட்டத்தில் ஏரி குளங்களைத் தூர்வாரும் கைகளுக்குப் பஞ்சமில்லை. 2006இல் ஊரக வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாகத் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டு மாவட்டங்கள் ஆறனுள் விழுப்புரமும் ஒன்று. அக்கைகளுக்குத் திடலைச் சமன் செய்வதும் பாதையைத் திருத்துவதும் அரிய செயல் அல்ல. இல்லாதது பொறுப்பேற்கும் ஓர் அமைப்பே. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குச் செல்லுமுன் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு ஒருமுறை கூடி, ஊரிலுள்ள திடல், தோப்பு, ஏரிக்கரை, பாதை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரை எழுதிப் பார்க்கட்டும். பெயர் எழுத முடியாமல் வெற்றிடமாக நிற்கும் வரிகளே நாம் தொடங்கவேண்டிய வேலை. அவ்வரிகளை நிரப்பிய பிறகு புதிய பூங்காவைக் கேட்போம். அதுவே கேட்கும் உரிமையையும் நமக்குத் தரும்.