கடன் கொடுக்கலாமா? கணக்குக் கேளுங்கள்!

"பாட்டுப் பாடப் போகிறேன். பணம் கொடுங்கள்!"

பிள்ளை இப்படிக் கேட்டால் பெற்றோர் என்ன செய்வார்கள்? சிலர் கோபிப்பார்கள். சிலர் பாசத்தால், கேட்டதை எல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள். இரண்டும் தவறு. முதலில் கணக்குக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம்.

பஞ்சாலை நகரம்

மான்செஸ்டர், ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர் போன நகரம். அங்கே 1976-ம் ஆண்டு நான்கு வாலிபர்கள் ஒரு பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்திருந்தார்கள். கோஷ்டியின் பெயர் பஸ்காக்ஸ். ஹோவர்ட் டிவோட்டோ பாடினார். பீட் ஷெல்லியும் ஸ்டீவ் டிகிளும் கித்தார் வகை வாத்தியங்களை வாசித்தார்கள். டிரம் அடித்த ஜான் மாஹருக்கு வயது 16தான்!

அவர்களுடைய இசைக்கு "பங்க்" என்று பெயர். வேகமான பாட்டு. சத்தமும் அதிகம்.

பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் லண்டனில் இருந்தன. அந்தக் கம்பெனிகளின் வாசலில் இவர்கள் காத்துக்கிடக்கவில்லை. அக்டோபர் மாதம், பக்கத்து ஊரான ஸ்டாக்போர்ட்டில் சிறு செலவில் ஓர் ஒத்திகைப் பதிவு செய்து பார்த்தார்கள். அப்போது அது கடைக்கு வரவில்லை. ஆனால் கை பழகியது!

500 பவுன் கடன்

அடுத்து, சொந்தமாகவே இசைத்தட்டு வெளியிடத் துணிந்தார்கள். நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் 500 பவுன் கடன் வாங்கினார்கள்.

டிசம்பர் 28-ந் தேதி பதிவு நடந்தது. நான்கு பாட்டுகள். பதிவுக்கு 3 மணி நேரம். ஒலியைச் சரி செய்ய 2 மணி நேரம். அவ்வளவுதான்!

1977 ஜனவரியில் "ஸ்பைரல் ஸ்கிராட்ச்" என்ற அந்த இசைத்தட்டு வெளிவந்தது. 1,000 பிரதிகள் போட்டார்கள். அதாவது, பிரதி ஒன்றுக்கு அரைப் பவுன் செலவு. பாட்டு எத்தனையாவது தடவை பாடிப் பதிவானது என்பதைக்கூட உறையில் அச்சிட்டார்கள். ஒளிவு மறைவு இல்லை!

தபாலில் விற்றார்கள். உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்கி வைத்தார். மற்ற ஊர்க் கிளைகளுக்கும் சொன்னார். ஆயிரமும் பறந்தன. மொத்த விற்பனை 16,000!

கம்பெனி வந்தது

இதற்குள் ஒரு சோதனை. பாடகர் டிவோட்டோ விலகிவிட்டார். கோஷ்டி கலையவில்லை. ஷெல்லியே பாடத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

வெறுங்கையோடு நின்றவர்களை அல்ல. விற்றுக் காட்டியவர்களைத்தான் கம்பெனி ஏற்றது. அவர்களைப் பார்த்து, இன்னும் பல கோஷ்டிகள் சொந்தமாகத் தட்டு வெளியிட்டன.

மூன்று கேள்விகள்

முயற்சி செய்யும் எல்லாருக்கும் இப்படி வெற்றி கிடைக்குமா? கிடைக்காது. அதனால்தான் முதல் அடி சிறியதாக இருக்க வேண்டும். தோற்றாலும் குடும்பம் முழுகிவிடக் கூடாது.

இன்று கையில் உள்ள செல்போனிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம். ஆகவே, வீட்டை அடகு வைத்துத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளை பணம் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். செலவு எவ்வளவு? விற்பது எப்படி? கடன் அடைவது எப்போது?

பதில் சொல்லும் பிள்ளைக்குத் தாராளமாக உதவலாம். பதில் தெரியாத பிள்ளையைத் திட்ட வேண்டாம். "யோசித்துவிட்டு வா" என்று சொல்லுங்கள்.

ஆசைக்குத் தடை போடாதீர்கள், அளவு போடுங்கள்!