மதர்போர்டில் பழி போட முதல் பம்பைப் பாருங்கள்

கொஞ்சம் காரமாத்தான் எழுதப் போறேன். கம்பியூட்டர் திருத்துற சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிற பிள்ளை. கம்பியூட்டரைப் போட்டு இரண்டு நிமிசத்தில் சூடாகி நின்று விடுகுது. கடையில் சொன்ன தீர்ப்பு: "மதர்போர்ட் போயிட்டு, புதுசுதான்." வாப்பா கட்டாரில். உம்மா நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டா. பெட்டியைத் திறந்து பார்த்தால், வோட்டர் கூலரின் பம்புக்குக் கரண்ட் போகிற வயர் கழன்று கிடக்கு! இதைப் பார்க்க எந்தப் பட்டமும் தேவையில்லை, ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் போதும்.

தண்ணி தானாக எதையும் குளிராக்காது. ப்ரொசசரின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து போகுது, அங்கே ஃபேன் அதை வெளியே தள்ளுது. பம்ப் நின்றால் சுமக்க ஆளில்லை, கொஞ்ச நேரத்தில் 100 பாகையைத் தொடும். பயோஸுக்குள் போய் பம்பின் வேகத்தைப் பாருங்கள். 0 என்றால் பம்ப் ஓடவில்லை, அல்லது அதன் வயர் போர்டில் இல்லை. பம்ப் ஓடுது, ரேடியேட்டரும் கொதிக்குது என்றால் ஃபேனையும் தூசியையும் பாருங்கள். பம்ப் ஓடியும் ரேடியேட்டர் குளிராகவே இருந்தால், தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஸ்க்ரூ இறுகாமல் இருக்கலாம். அடியில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டினவர்களும் இருக்கிறாங்க. கொறகொற சத்தம் வந்தால் பம்புக்குள் காற்று. ரேடியேட்டரின் மேல்பக்கம் பம்பை விட உயரத்தில் இருக்க வேணும்.

இதெல்லாம் அரை மணித்தியால வேலை. இதைச் செய்யாமல் பல்லாயிரம் ரூபா போர்டை மாற்றச் சொல்வதற்குப் பெயர் திருத்துவதா?

இன்னொன்று. 65 வொட் ப்ரொசசருக்கு வோட்டர் கூலர் எதற்கு? கலர் லைட்டுக்கா? நம்மட ஊர் வெக்கையில் அறை 33 பாகை என்றால் அந்தத் தண்ணியும் அதற்குக் கீழே குளிராகாது. நல்ல ஏர் கூலர் ஒன்று போதும். அதில் கெட்டுப்போக ஒரு ஃபேன்தான், மாற்றுவதும் லேசு. வோட்டர் கூலரில் பம்ப் போனால் பெரும்பாலும் முழு செட்டையும் தூக்கி எறியத்தான் வேணும். விற்கும்போது இதை யார் சொல்கிறாங்க?

போர்ட் போயிட்டு என்று சொன்னால், எப்படிச் சோதித்தீங்க என்று கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றின பழைய போர்டையும் கையோட எடுத்துட்டு வாங்க.